இருபத்தேழுக்கு ஏறவில்லை

'உயரங்களும் தொலைவுகளும்' பாடத்தின் நான்காம் பக்கம் செவ்வாய்க்கிழமை காலை இரண்டாவது முறையாகத் தோற்றது. இன்னும் ஒரு முறை தோற்றால் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பாடமே இருக்காது.

"அக்கா, இருபத்தேழுக்கு ஏறல," என்றான் எபனேசர்.

செண்பகவல்லி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "படம் போட்டுக் குடுத்தோமே?"

"போட்டோம். மத்த முப்பத்தொம்பது பேர்ல முப்பத்தொரு பேருக்கு ஏறிருச்சு, மிச்சப் பேருக்கும் பாதி ஏறிருச்சு. இது மட்டும் அப்படியே நிக்கு."

கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது அந்தப் பாடப்பொருள் ஆக்க மையம். உயர்நிலைப் பள்ளிகளுக்கான கணக்குப் புத்தகமும், வகுப்புத் திரையில் காட்டும் பக்கங்களும், பயிற்சித்தாள்களும் அங்கேதான் தயாராயின. தயாராகும் ஒவ்வொரு பக்கமும் முதலில் நிழல் வகுப்புக்குப் போகும். நிழல் வகுப்பில் நாற்பது பேர். யாருக்கும் உடம்பு கிடையாது, பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், கோவில்பட்டியின் ஆண்கள் பள்ளியிலிருந்து இருபது பேர், பெண்கள் பள்ளியிலிருந்து இருபது பேர் என நாற்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளை வருடம் முழுக்க ஸ்கேன் செய்து, வகுப்பறையில் கேமராவும் மைக்கும் வைத்து உருவாக்கப்பட்டவர்கள் அவர்கள். பாடத்தைக் காட்டினால் அந்தப் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்களோ, எங்கே தப்புச் செய்திருப்பார்களோ, அப்படியே செய்வார்கள். அன்று கற்றதை எல்லாம் மாலையில் மையத்தில் அழித்துவிடுவார்கள். மறுநாள் காலை மறுபடியும் பதினைந்து வயது, மறுபடியும் ஒன்றும் தெரியாது.

எட்டு வருடங்களுக்கு முன் செண்பகவல்லி இங்கே வந்தபோது ஒரு விதி கொண்டுவந்தாள். வகுப்பில் கடைசியாக நிற்கும் பிள்ளைக்கும் புரிந்தால்தான் பக்கம் பள்ளிக்குப் போக வேண்டும். மூன்று முறை முயன்றும் அந்தப் பிள்ளைக்கு ஏறவில்லை என்றால் அந்தப் பக்கம் வரும் பாடத்தையே எடுத்துவிட வேண்டும். கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். யாரையும் விட்டுவிட்டுப் போகாத புத்தகம் என்று செய்தி வந்தது.

கடைசியாக நின்ற பிள்ளை எண் இருபத்தேழு. பெண்கள் பள்ளிப் பிள்ளை என்பதைத் தவிர வேறெதுவும் யாருக்கும் தெரியாது.

செண்பகவல்லி அதே பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள்தான். நோட்டு எடுத்த வருடம் அவள்தான் வகுப்பு ஆசிரியை. இருபத்தேழு யாராக இருக்கும் என்று ஆரம்பத்தில் யோசித்திருக்கிறாள். அப்புறம் அந்த யோசனையை விட்டுவிட்டாள். யாராக இருந்தாலும் தன் பிள்ளைதானே. வீட்டில் அவள் கணவர் உலகநாதன் சோறு போட்டுக்கொண்டே, "இன்னைக்கு உன் மக என்ன சொல்லுதா?" என்று கேட்பார். மகன் பெங்களூரில் இருந்தான். மகள் என்று அவர் சொன்னது இருபத்தேழைத்தான்.

"படம் போட்டா ஏறுது, எண்ணு கம்மியா இருந்தா ஏறுது," என்பாள் இவள். "எண்ணைப் பார்த்தாலே பயப்படுது பிள்ளை."

அதனால் புத்தகத்தில் வருடா வருடம் படங்கள் கூடின, எண்கள் குறைந்தன. பதினோரு பாடப் பகுதிகள் போயே போய்விட்டன. இது பன்னிரண்டாவது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குப் புத்தகத்தை முடித்து அனுப்ப வேண்டும். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னலுக்கு வெளியே கயத்தாறுக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. செண்பகவல்லி நோட்டை எடுத்து நான்காம் பக்கத்தை மூன்றாவது முறையாக எழுதினாள். கோயில் கோபுரத்தை எடுத்துவிட்டுக் காற்றாலையை வைத்தாள். இந்தப் பக்கத்துப் பிள்ளைதானே, பார்த்துப் பழகியதாக இருக்கும் என்று நினைத்தாள்.

*

புதன்கிழமை காலை மையத்தின் வாசலில் புங்கமரத்தடியில் ஒரு பைக் நின்றது. அதிலிருந்து இறங்கிய இளைஞன் செண்பகவல்லியைப் பார்த்ததும் வேகமாக வந்தான். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது.

"வணக்கம். நீங்கதான செண்பகவல்லி டீச்சர்? புத்தகத்துல முதல் பக்கத்துலேயே உங்க போட்டோவைப் பாத்திருக்கேன். நான் சுடலைமணி, கழுகுமலைப் பக்கம் அரசுப் பள்ளியில கணக்கு எடுக்கேன்."

"சந்தோஷம் தம்பி. புத்தகம் எப்படி இருக்கு?"

"மனசுல பட்டதைச் சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"கணக்குப் புத்தகத்துல கணக்கைத் தேட வேண்டியிருக்கு டீச்சர். போன வருஷம் ஒரு பக்கத்துல ஏழு ஆட்டுக்குட்டி, ரெண்டு குடை, ஒரு ஐஸ் வண்டி. கணக்கு ஒண்ணே ஒண்ணு. பிள்ளைகளே சிரிக்கு." அவனும் சிரித்தான். "எல்லாம் அந்த இருபத்தேழாலதானாமே? எங்க ஸ்டாஃப் ரூம்ல அது ஒரு பேராவே ஆயிருச்சு. 'என் கிளாஸ்ல ஆறு இருபத்தேழு இருக்கு சார்'னு பேசிக்கிடுவோம். பிள்ளைகளும் கத்துக்கிட்டு ஒண்ணையொண்ணு 'போலே இருபத்தேழு'ங்குதுக."

செண்பகவல்லிக்குச் சுருக்கென்றது. பைக்கின் அந்தப் பக்கம் உயரமான ஒரு பெண் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"இவங்களுக்கு ஏதோ சர்டிபிகேட் வாங்கணுமாம்," என்றான் சுடலைமணி. "ஆவணியில எங்களுக்குக் கல்யாணம் டீச்சர். அதான் டிரைவர் வேலை இப்பவே ஆரம்பிச்சிட்டேன்."

*

பத்து மணிக்கு எபனேசர் அந்தப் பெண்ணை அறைக்குள் அழைத்துவந்தான். அவள் கையில் அரசு உறை ஒன்று இருந்தது. நிழலுக்கு நோட்டுக் கொடுத்தவர்கள் அன்று மைனர்கள், பெற்றோர்தான் கையெழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டு வருடம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் மறுபடி சம்மதம் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். நாற்பது பேருக்கும் கடிதம் போயிருந்தது. யாரும் நேரில் வரவில்லை. இவள்தான் முதல்.

"இசக்கி தர்ஷினி," என்றாள் அவள். "எண் இருபத்தேழு."

செண்பகவல்லி எழுந்துவிட்டாள். வந்தவள் கண்ணாடி போட்டிருந்தாள், முடியை ஏற்றிக் கொண்டை போட்டிருந்தாள். ஆனால் அந்த உயரம் மாறவில்லை.

"நெட்டச்சி," என்று வாய்தவறி வந்துவிட்டது.

"ஆமா டீச்சர்." இசக்கி லேசாகச் சிரித்தாள். "வாசல்லயே உங்களை அடையாளம் தெரிஞ்சுது. பேசலாமா வேண்டாமானுதான் நின்னேன்."

"உக்காரும்மா. உக்காரு. என்ன பண்ணுத இப்ப?"

"காத்தாலைக் கம்பெனியில இருக்கேன். ட்ரோன் விட்டு றெக்கையில வெடிப்பு இருக்கானு பாக்கணும். டென்த்ல கணக்குல போயிருச்சுல்ல, அப்புறம் ரெண்டு வருஷம் தீப்பெட்டி ஆபீஸ். அங்கருந்து ஹெல்பரா இந்தக் கம்பெனியில சேந்து, அப்படியே படிச்சுப் படிச்சு மேல வந்தேன்." உறையை மேசைமேல் வைத்தாள். "நான் வந்தது, அதை அழிக்கதுக்கு."

எபனேசர் செண்பகவல்லியைப் பார்த்தான். இருபத்தேழை அழித்தால் அந்த எண்ணை வைத்துச் சோதித்த பத்தாம் வகுப்புப் பக்கங்கள் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். ஜூனில் புத்தகம் போகாது.

"வெளிய அவரு சொன்னதைக் கேட்டீங்கள்ல," என்றாள் இசக்கி. "நல்லவருதான் டீச்சர். மனசுல ஒண்ணும் கிடையாது. போன்ல பேசும்போதுகூட 'எங்க இருபத்தேழு என்ன பண்ணுச்சு தெரியுமா'னு சொல்லிச் சிரிப்பாரு. நானும் சிரிப்பேன். கல்யாணத்துக்கு அப்புறம் இந்த மாதிரிக் கடுதாசி அவரு வீட்டுக்குத்தான வரும்? அவரு கணக்கு வாத்தியாரு. நான் அந்த எண்ணுனு தெரிஞ்சா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆனா அதுக்கப்புறம் சிரிக்க மாட்டாரு. பாவம்னு பாப்பாரு. அது எனக்கு வேண்டாம்."

செண்பகவல்லி மேசைமேல் இருந்த உறையைப் பார்த்தாள். புத்தகத்துக்காகக் கெஞ்சலாம். ஆனால் இந்தப் பெண்ணிடம் என்ன முகத்தை வைத்துக்கொண்டு கெஞ்சுவது?

"அழிக்கறதுக்கு முன்னால ஒரு தடவை நீங்க அதைப் பாக்கணும்மா," என்றான் எபனேசர். "சட்டம் அப்படி. எதை அழிக்கோம்னு தெரிஞ்சு கையெழுத்துப் போடணும்."

"அது என்னைப் பாக்குமா?"

"பாக்காது. அதுக்குத் தெரியறது வகுப்பறைத் திரை மட்டுந்தான். அதுவும் அந்தப் பிள்ளை எந்த பெஞ்சுல உக்காந்திருந்துச்சோ அங்க இருந்துதான் பாக்கும். நீங்க கடைசி பெஞ்சு, இடது ஓரம்."

"தெரியும்," என்றாள் இசக்கி. "டீச்சர்தான் உக்கார வச்சாங்க."

அது உண்மை. ஒவ்வொரு ஜூனிலும் முதல் நாள் பிள்ளைகளை வராந்தாவில் உயரப்படி வரிசையாக நிற்க வைத்து, குள்ளமானவர்களை முன்னேயும் நெட்டையானவர்களைப் பின்னேயும் உட்கார வைப்பது செண்பகவல்லியின் வழக்கம். அவள் டீச்சர் அவளுக்குச் செய்தது. எல்லாப் பள்ளியிலும் செய்வதுதான்.

"சரி, இன்னைக்கு மூணாவது தடவை எப்படியும் ஓட்டணும்," என்றாள் செண்பகவல்லி மெதுவாக. "அதையே பாத்துரட்டும்."

*

பெரிய திரையில் நிழல் வகுப்பு விரிந்தது. வகுப்பு என்றால் நாற்பது சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விடைத்தாள், அவ்வளவுதான். செண்பகவல்லி எழுதிய கணக்கு மேலே வந்தது. தரையில் ஒரு புள்ளியிலிருந்து 168 மீட்டர் தொலைவில் ஒரு காற்றாலைத் தூண் நிற்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் தூண் உச்சியின் ஏற்றக்கோணம் 30 டிகிரி. தூணின் உயரம் என்ன?

"எங்க டவரு," என்றாள் இசக்கி, தன்னை அறியாமல்.

கட்டங்களில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. இருபத்தேழாம் கட்டத்தை எபனேசர் பெரிதாக்கினான். சாய்ந்த, கூட்டி எழுதாத கையெழுத்து. இசக்கி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து வயதில் தான் எழுதிய 'க' இன்னும் அங்கே இருந்தது.

நான்கு நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. 'முதல் படி தவறு. எண் பிழை. மதிப்பெண் 0.'

"மூணு," என்றான் எபனேசர். சத்தமில்லாமல் சொன்னான். உயரங்களும் தொலைவுகளும் போய்விட்டது.

செண்பகவல்லி இசக்கியின் கையைத் தொட்டாள். "விடும்மா. அது நீ இல்ல. பழைய நோட்டு."

இசக்கி கேட்கவில்லை. திரையின் கீழே, சிவப்புக் கோட்டுக்கு அடியில் மங்கலாக இருந்த கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூற்றெட்டு புள்ளி ஐந்து நான்கு மீட்டர்.

"டீச்சர், இது என்ன விடை?"

"தப்பான விடைம்மா. தொண்ணூத்தேழு வரணும்."

"அது தெரியும். எங்க டவரு தொண்ணூத்தேழுதான். நான் கேக்கது, இந்த நூத்தெட்டு எங்க இருந்து வந்துச்சு?" அவள் விரல்கள் மேசையில் எதையோ கணக்குப் போட்டன. "ட்ரோனை முப்பது டிகிரியில நிறுத்தணும்னா டவரு உயரத்தை ஒண்ணு புள்ளி ஏழு மூணால பெருக்கி அவ்வளவு தூரம் தள்ளி நிப்போம். தினமும் செய்யதுதான். நூத்தெட்டரையைப் பெருக்கினா... நூத்தி எண்பத்தெட்டு கிட்ட வருது." நிமிர்ந்தாள். "அண்ணே, இதோட முழு நோட்டைக் காட்டுங்களேன். கேள்வியையும் எழுதியிருக்கும்ல?"

"கேள்வி வரியை நாங்க எடுக்கறதில்ல," என்றான் எபனேசர். "திரையில இருக்கறதைப் பாத்து எல்லாரும் ஒரே மாதிரிதான எழுதுவாங்க? எதுக்கு அதுன்னு ஆரம்பத்துலயே வெட்டிட்டாங்க."

"நாங்க கேள்வியை எழுதாம கணக்கு போட்டா டீச்சர் நோட்டைத் தூக்கி எறிஞ்சிருவாங்க. எழுதியிருக்கும். காட்டுங்க."

எபனேசர் சிறிது நேரம் எதையெதையோ திறந்து பார்த்தான். எட்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. கடைசியில் வெட்டப்படாத முழுப் பக்கம் வந்தது.

மேல் வரியில் இருபத்தேழு கேள்வியை எழுதியிருந்தாள். தரையில் ஒரு புள்ளியிலிருந்து 188 மீட்டர் தொலைவில்.

எபனேசர் திரையில் இருந்த கேள்வியையும் அந்த வரியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு டீச்சர்," என்றாள் இசக்கி. "கேள்விதான் வேற."

செண்பகவல்லி திரைக்குப் பக்கத்தில் போய் நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். டேன் முப்பது. எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம். நூற்று எண்பத்தெட்டை வேர் மூன்றால் வகுத்து, பகுதியை விகிதமுறு எண்ணாக்கி, ஒன்று புள்ளி ஏழு மூன்று இரண்டால் பெருக்கி. ஒரு படிகூடத் தப்பில்லை. முதல் படியில் எண் தவறினால் அடுத்த படிகளைப் படிக்க வேண்டாம் என்று இயந்திரத்துக்குச் சொன்னவளும் அவள்தான். விடைத்தாள் திருத்துகிற எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், நேரம் மிச்சம்.

"ஆறும் எட்டும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியும் டீச்சர். மூணும் சில நேரம் எட்டாயிரும். கழித்தல் குறி தெரியவே தெரியாது. இந்தக் கம்பெனியில சேரும்போதுதான் டாக்டர் கண்ணு பாத்தாரு. ரெண்டு கண்ணுலயும் மைனஸ் நாலு. கண்ணாடி போட்டுட்டு வெளிய வந்தா காத்தாடிக்கு மூணு றெக்கை இருக்கு. நான் பொறந்ததுல இருந்து அதைப் பாக்கேன், வெள்ளையா ஏதோ சுத்துதுனுதான் தெரியும்."

"பள்ளிக்கூடத்துக்குக் கண் டாக்டர் வருவாங்களேம்மா? நானே கூட நின்னேனே."

"வந்தாங்க." இசக்கிக்கு இப்போது சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "நான் வரிசையில பின்னாடி நின்னேன்ல, உயரப்படி. முன்னாடி போன பிள்ளைக எழுத்தை வாசிக்கறதைக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டேன். அதுவும் பரீட்சைனு நெனச்சுட்டேன் டீச்சர். பெயிலாயிரக் கூடாதேனு கடகடனு ஒப்பிச்சிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னனு சொல்ல? எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சேன். நீங்க 'கண்ணைத் தொறந்து பாருடி'னு சத்தம் போடுவீங்க. நானும் தொறந்துதான் வச்சிருந்தேன்."

செண்பகவல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு வருடமாக அந்தப் பிள்ளைக்காக எண்களைக் குறைத்திருக்கிறாள். எண் குறைந்தால் ஏறுகிறது, படம் போட்டால் ஏறுகிறது. ஏறாதா பின்னே? ஆட்டுக்குட்டியை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் ஆட்டுக்குட்டிதானே.

"எபனேசர், இதுகளுக்குக் காது கேக்குமா?"

"கேக்கும்க்கா. நீங்க பாடம் நடத்தின குரலையும் பதிவு பண்ணித்தான் செஞ்சாங்க. நாம இதுவரைக்கும் வாயால ஒண்ணும் சொன்னதில்ல. திரைப் பக்கந்தான குடுக்கோம்."

"மைக்கைப் போடு."

திரையை அணைத்துவிட்டுக் கணக்கை வாசித்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் வகுப்பில் வாசித்த மாதிரியே, ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை. நூற்று அறுபத்தெட்டு, நூற்று அறுபத்தெட்டு மீட்டர் தொலைவில். இசக்கி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மூன்றரை நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஐம்பத்தாறு வேர் மூன்று. தொண்ணூற்றாறு புள்ளி ஒன்பது ஒன்பது மீட்டர். நாற்பது பேரில் ஒன்பதாவதாக முடித்திருந்தாள்.

"அந்தப் பதினொண்ணையும் எடு," என்றாள் செண்பகவல்லி.

மதியம் வரை வாசித்தாள், தொண்டை கட்டும்வரை. வருடா வருடம் வெட்டி எறிந்த பதினோரு பகுதிகளிலிருந்தும் ஒவ்வொரு கணக்கு. இடையில் எபனேசர் டீ வாங்கிவந்தான். பதினொன்றில் எட்டை இருபத்தேழு சரியாகச் செய்தாள். மூன்றில் தோற்றாள்.

"அந்த மூணு எனக்கு நெசமாவே தெரியாது டீச்சர்," என்றாள் இசக்கி. "இப்பவும் தெரியாது."

மூவரும் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் இசக்கி அழுதாள். அதிக நேரம் இல்லை. செண்பகவல்லி அவள் தோளில் கை வைக்கப் போய், உயரம் எட்டாமல், முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. அந்தச் சொல் சின்னதாக இருந்தது.

*

உறைக்குள் இருந்த தாளில் இரண்டு கட்டங்கள். தொடரலாம், அழிக்கலாம். இசக்கி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள்.

"அதுக்கு ஒரு கண்ணாடி போட முடியாதாண்ணே?"

"கண்ணாடி போட முடியாதும்மா. பெஞ்சு மாத்தலாம். முதல் பெஞ்சுல உக்கார வச்சா திரை பக்கத்துல வந்துரும்."

"முன்னாடி உக்காந்தா பின்னாடி இருக்க பிள்ளைகளுக்கு மறைக்குமேனு அப்ப சொல்லுவீங்க, டீச்சர்."

"மறைச்சா மறைக்கட்டும்," என்றாள் செண்பகவல்லி. "முதல் பெஞ்சுல போடு எபனேசர். நடுவுல."

எபனேசர் போட்டான். இசக்கி முதல் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

நாற்பது பேரின் வரிசையும் தானாகவே மாறியது. இருபத்தேழு மேலே ஏறிப் பத்தாவதாக நின்றது. விதிப்படி கடைசி எண்தான் புத்தகத்துக்கு அளவு. திரையின் மூலையில் புதிய எண் வந்தது.

"இனிமே பதினொண்ணுக்கு ஏறணும்," என்றான் எபனேசர். "ஆண்கள் பள்ளிப் பையன். இவனும் ஒரு மாதிரிதான்க்கா. எந்தக் கணக்கையும் முடிக்க மாட்டான், பாதியிலேயே விட்டுருவான். நாமளே 'முயற்சி இல்லை'னு குறிச்சு வச்சிருக்கோம்."

மணி இரண்டு ஆகியிருந்தது. செண்பகவல்லி அதைப் பார்த்துவிட்டு, இசக்கியை வழியனுப்ப எழுந்தாள்.

புங்கமரத்தடியில் சுடலைமணி பைக்கின்மேல் உட்கார்ந்து ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் குதித்து இறங்கினான்.

"சர்டிபிகேட் வாங்க நாலு மணி நேரமா? பசி உயிர் போகுது. என்ன, அழுதியா?"

"சர்டிபிகேட் இல்ல," என்றாள் இசக்கி. ஹெல்மெட்டை மாறி மாறிக் கையில் பிடித்தாள். "நான் பொய் சொன்னேன். நிழல் வகுப்புக் கடுதாசி. அந்த இருபத்தேழு இருக்குல்ல? அது நான்தான்."

சுடலைமணி அவளைப் பார்த்தான். செண்பகவல்லியைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, பாவம் என்ற பார்வையும் இல்லை. திருடி மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இருந்தான்.

விடைத்தாள் கட்டைப் பெட்ரோல் டாங்க்மேல் வைத்துவிட்டுச் சட்டைப் பைக்குள் கையை விட்டான். இரண்டாக மடித்த அரசு உறை ஒன்று வெளியே வந்தது.

"எனக்கும் வந்துச்சு. ஒரு மாசமா வச்சுக்கிட்டே சுத்துதேன். நீ இங்க வரணும்னதும், சரி, நானும் உள்ள போயி நைசா அழிச்சிட்டு வந்திரலாம்னுதான் கூட வந்தேன். வாசல்ல டீச்சரைப் பாத்ததும் பயந்துபோயி என்னத்தையோ உளறிட்டேன்." உறையை அவளிடம் காட்டினான். "நான் பதினொண்ணு. கடைசிக்கு முந்தின ஆளுனு கடுதாசியிலேயே போட்டிருக்கு. உனக்குப் பின்னால ஒளிஞ்சுதான் இத்தனை நாளா சிரிச்சுக்கிட்டு இருந்தேன். கணக்கு வாத்தியாருக்கு இது தெரிஞ்சா நீ என்ன நெனப்பியோனு..."

இசக்கி அவனை முறைத்தாள். "தினமும் போன்ல கூப்பிட்டு இருபத்தேழு இருபத்தேழுனு..."

"தப்புதான்."

"ஆவணி வரைக்கும் உங்களுக்குப் பேரு பதினொண்ணு. உங்க அம்மா முன்னாடியும் அப்படித்தான் கூப்பிடுவேன்."

"கூப்பிட்டுக்கோ."

செண்பகவல்லி அவன் கையிலிருந்த உறையை வாங்கி எண்ணைப் பார்த்தாள். பத்து நிமிடத்துக்கு முன் திரை மூலையில் வந்த எண். அதை அவனிடம் சொல்லவில்லை.

"தம்பி, பத்தாவது படிக்கும்போது கணக்குல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"கஷ்டம்னு இல்ல டீச்சர்." அவன் கூச்சத்தோடு பிடரியைச் சொறிந்தான். "எனக்குக் கை மெதுவா ஓடும். நான் இந்தப் பக்கம் எழுதி முடிக்கதுக்குள்ள எங்க சாரு போர்டை அழிச்சிருவாரு. அடுத்த கணக்கு வந்திரும். எந்த நோட்டுலயும் முழுசா ஒண்ணு இருக்காது. பிளஸ் ஒன்ல வேற சாரு வந்தாரு, அவரு அழிக்க மாட்டாரு. அப்புறம் ஒண்ணும் பிரச்சனை இல்ல. அதான் இப்ப நானும் கடைசிப் பிள்ளை பேனாவை மூடற வரைக்கும் அழிக்கறதில்ல."

"ரெண்டு பேரும் போயிச் சாப்பிட்டுட்டு வாங்க," என்றாள் செண்பகவல்லி. "அஞ்சு மணிக்கு முன்னால வாங்க. உறையில அப்புறம் கையெழுத்துப் போட்டுக்கலாம்."

அவள் திரும்ப உள்ளே போனபோது எபனேசர் பதினொன்றின் தாளைத் திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். காற்றாலைக் கணக்கு மூன்றாம் படியில், சமக்குறிக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. கீழே சிவப்பு எழுத்தில் 'நேரம் முடிந்தது.'

"ஏறலக்கா. என்ன செய்ய?"

"அதை அணைக்காதே," என்றாள் செண்பகவல்லி. "அவன் பேனாவை மூடற வரைக்கும் விடு."

இருவரும் காத்திருந்தார்கள். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சமக்குறிக்கு அடுத்து, மெதுவாக, ஒரு வேர்க்குறியின் முதல் கோடு விழுந்தது.